மாலத்தீவில் டிப்ஸுக்கு ரேட் முடித்த கதை

எங்களை மாலத்தீவுக்கு அனுப்பி வைத்தவர் ஒரு நூல் கடைக்காரர். தையல் நூல். வருடம் முழுக்க அவரிடம் அதிகம் வாங்குகிற ஆறு கம்பெனிக்காரர்களுக்குக் கணவன் மனைவியாக ஐந்து நாள் ஓசிப் பயணம். போன வருடம் வரைக்கும் குக்கர் கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன், இந்த வருடம் என்ன தோன்றியதோ, கடலையே கொடுத்துவிட்டார். திருப்பூர் அருள்புரத்தில் நாற்பது மெஷின் போட்டுக் குழந்தைகள் உடுப்பு தைக்கிற எங்களுக்கு ஆறாவது இடம். இன்னும் நாலு பெட்டி நூல் குறைந்திருந்தால் வழக்கம் போலக் குக்கரோடு போயிருக்கும்.

தீவுக்குப் போகும் படகிலேயே கூத்து ஆரம்பித்துவிட்டது. மங்கலத்தில் லெக்கிங்ஸ் தைக்கும் சென்னியப்பண்ணனின் சூட்கேஸ் வேறு ஏதோ தீவுக்குப் போகும் படகில் ஏறிப் போய்விட்டது. திரும்பி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கட்டியிருந்த வேட்டியோ கடல் தண்ணீரில் நனைந்து பிழியும் பதத்தில் இருந்தது. நல்லவேளையாக அண்ணி தன் பெட்டியில் கம்பெனி சாம்பிள் வைத்திருந்தார். அடுத்த இரண்டு நாளும் அறுபது வயது அண்ணன் அவர் கம்பெனி லெக்கிங்ஸைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தார். வெள்ளைக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள்தான் மணலில் உட்கார்ந்து சிரித்தோம்.

"சிரிக்காதீங்க அம்மிணி. இருவது வருசமாத் தெச்சு வித்துட்டிருக்கறனே, போட்டுப் பாத்ததே இன்னைக்குத்தான். ஸ்ட்ரெச்சு நல்லாத்தானுங்க இருக்குது. தொடைத் தையல்தான் உறுத்துது, ஊருக்குப் போயி மாத்தோணும்" என்றார் அண்ணன்.

சாம்பிள் கொண்டுவந்தது அண்ணி மட்டுமல்ல. திருப்பூர்க்காரர்கள் எங்கே போனாலும் பெட்டியில் பாதி சாம்பிள்தான் இருக்கும். எந்த ஊரில் ஆர்டர் கொடுக்கிற எந்த பையர் கண்ணில் படுவாரோ, யார் கண்டது? எங்கள் வீட்டுக்காரர் பழனிக்குப் பாதயாத்திரை போனபோதுகூடத் தோள்பையில் கைக்குழந்தைகள் போடுகிற ரோம்பர் நாலு வைத்திருந்தவர்.

ரிசார்ட்டில் எங்கள் ஆறு ஜோடிக்கும் வரிசையாக ஆறு குடில். கதவைத் திறந்தால் வாசலிலேயே கடல். பச்சையும் நீலமுமாக, அப்படி ஒரு நிறத்தை எந்தச் சாயப்பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் பார்த்தது கடலையா? உள்ளே போனதும் இவர் முதல் வேலையாகப் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு குளியலறைத் துண்டை இரண்டு விரலால் கசக்கி, கனம் ஐந்நூறு ஜிஎஸ்எம் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். நான் வாசலுக்கு வந்தால் பக்கத்துக் குடிலிலிருந்து யூசுப் பாயின் குரல் கேட்கிறது: "மும்தாஜு, இங்க பாரு, தலையணை உறைல நூல் கட் பண்ணாமயே உட்டுருக்கறான்!"

யூசுப் பாய்க்கு ஆண்கள் பனியன் கம்பெனி. பிசிறு நூலைப் பார்த்துவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

மறுநாள் காலையில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஐந்தரை மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. வெளி ஆள் ஒருவர் வந்து பார்க்கிற மாதிரியா அறையைப் போட்டு வைப்பது? விரிப்பை உதறி மடித்தேன். துண்டுகளைத் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டேன். தரையைத் துடைக்கத் துணி கிடைக்காமல் இவருடைய பழைய பனியனைப் பலி கொடுத்தேன். ஒன்பது மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பணியாளர் கதவருகேயே நின்றுவிட்டார். மெலிந்த உடம்பு, முப்பது வயதிருக்கும், சட்டையில் ரஃபீக் என்று பெயர் குத்தியிருந்தது.

"மேடம், என் வேலையில் ஏதாவது குறையா?" என்று பயந்துபோய் இந்தியில் கேட்டார்.

எனக்கு இந்தி தெரியும். எங்கள் கம்பெனியில் ஒடிசாவும் பீகாரும் சேர்ந்து பாதிப் பேர். ஆனால் நான் கற்றுக்கொண்ட இந்தி முழுக்க அதட்டல்: சீக்கிரம், இது டேமேஜ், போனைக் கீழே வை. அன்பாக நாலு வார்த்தை பேச அதில் வழியே இல்லை. "குறை இல்லை! சும்மா இரு! உட்கார்!" என்று ஆறுதல் சொன்னேன். அவர் இன்னும் பயந்துவிட்டார்.

பிறகுதான் புரிந்தது. விருந்தாளியே அறையைச் சுத்தம் செய்துகொண்டால், அவர் ஒழுங்காக வரவில்லை என்று மேற்பார்வையாளர் எழுதிவிடுவாராம். நான் மடித்து வைத்த விரிப்பை ரஃபீக் மறுபடி கலைத்து, உதறி, நாலு மூலையும் தபால் உறை போல மடித்துச் செருகினார். துண்டில் ஒரு யானை செய்து படுக்கையில் உட்கார வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, என் செக்கிங் டேபிளில் இப்படி ஒரு கை இருந்தால் போதும், பாதி ரிஜெக்ட் குறையும்.

பேச்சுக் கொடுத்ததில் அவர் பங்களாதேசத்துக்காரர் என்று தெரிந்தது. மனைவி டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு உடுப்புக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறாராம். என்ன உடுப்பு என்று கேட்டேன். குழந்தைகள் உடுப்பு. நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். நம் கையை விட்டு டாக்காவுக்குப் போகிற ஆர்டரையெல்லாம் தைத்துக்கொண்டிருப்பது இந்த யானைக்காரர் வீட்டு அம்மாதான்!

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலையில் மாசு ஹூனி என்று ஒன்று வைத்தார்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்ப் பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு. பார்க்க முட்டைப் பொடிமாஸ், வாயில் வைத்தால் நம்ம ஊர்த் தேங்காய். நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். அண்ணி மட்டும் தொடவில்லை. பெட்டியிலிருந்து கொள்ளுப்பொடி எடுத்து ரொட்டியில் தூவிக்கொண்டார். நாலாம் நாள் பார்த்தால் அந்தப் பொடி சமையல்காரர் கையில் இருக்கிறது, ஆம்லெட்டில் தூவுகிறார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நீச்சல் குளத்தோரம் மீட்டிங். கூட்டியவர் எங்கள் வீட்டுக்காரர். விஷயம், எங்கள் ஆறு குடிலையும் சுத்தம் செய்கிற ரஃபீக்குக்கு டிப்ஸ் கொடுப்பதா வேண்டாமா. வேறு எந்த ஊர்க்காரர்களாவது இதற்குக் கூட்டம் போடுவார்களா? நாங்கள் போட்டோம். வேட்டி, லெக்கிங்ஸ், அரைக்கால் டவுசர் எல்லாம் வட்டமாக உட்கார்ந்தன.

"ரூம் வாடகைலயே சர்வீஸ் சார்ஜ் சேத்திருப்பாங்க. நம்ம கம்பெனில டெய்லர் நல்லாத் தெச்சா டிப்ஸா குடுக்கறோம்? சம்பளந்தானுங்களே குடுக்கறோம்" என்றார் சென்னியப்பண்ணன்.

"அதுக்கில்லீங்கண்ணா" என்றார் மும்தாஜக்கா. "நம்ம ஊட்டுக்கு வந்து தொடச்சிட்டுப் போறவிங்களுக்கு ஒரு காப்பித் தண்ணி குடுக்காமயா அனுப்பறோம்?"

"குடுக்கறதுன்னா பீஸ் ரேட்டுங்களா, ஷிப்ட் ரேட்டுங்களா?" இது யூசுப் பாய். ஒரு துண்டு யானைக்கு இவ்வளவு என்று வைத்தால் ஆள் யானையாகச் செய்து தள்ளிவிடுவான், தினக்கூலிதான் சரி என்று அவரே முடிவும் சொன்னார்.

கடைசியில் இவர் கையைத் தட்டினார். "எல்லாருக்கும் ஒரே ரேட்டுங்க. குடிலுக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர். கெளம்பற அன்னைக்கு ஒரே கவர்ல போட்டுக் குடுத்தர்லாம். தனித்தனியா யாரும் குடுக்கப்படாது. நீங்க ஒருத்தரு ஏத்தி உட்டீங்கன்னா மார்க்கெட்டே கெட்டுப்போகும்."

கூலி பேசுகிற பழக்கம், ரத்தத்தில் ஊறிவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் என்று அண்ணன் கிண்டல் செய்ய, இவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஏற்றுக்கொண்டார். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்வது, தலைவர் மனைவி ஆயிற்றே.

மூன்றாம் நாள்தான் சிக்கல் வந்தது. ரஃபீக் அன்றைக்குத் துண்டில் அன்னப்பறவை செய்தார், அதுவும் ஜோடியாக. முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. என்ன விசேஷம் என்று அதட்டினேன். நாளைக் காலை ஏழரை மணிப் படகில் ஊருக்குப் போகிறாராம். இரண்டு வருடம் கழித்து முதல் லீவு. போனில் ஒரு படம் காட்டினார். அவர் கிளம்பிய அன்றைக்கு எடுத்தது. மனைவியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, இரண்டு இரண்டரை வயதிருக்கும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. வெளியே யாரோ கூப்பிட, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

எல்லாவற்றையும் இவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஏனுங், நம்ம கவரு வெள்ளிக்கெழம கெளம்பறப்பத்தான. இவரு நாளைக்கே போயர்றாரு. நாமளாவது இன்னைக்கே குடுத்தர்லாமுங்களா?"

இவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேசுனது பேசுனதுதான் புள்ள. தலைவனே ரேட்ட மீறுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கவரு அடுத்து வர்ற ஆளுக்குப் போயிச் சேரட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்னப்பறவை இரண்டையும் எடுத்து இவர் மேல் எறிந்திருப்பேன். எறியவில்லை. இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் பூப் போட்ட சாம்பிள், சட்டையும் கால்சட்டையுமாகப் பல அளவில் அடுக்கியிருந்தது. படத்தில் பார்த்த குழந்தையின் அளவுக்கு இரண்டு செட் எடுத்து, மத்தியானம் ரஃபீக் கையில் திணித்தேன். பணம்தானே கூடாது என்று பேசினோம்? "யாரிடமும் சொல்லாதே! ஓடு!" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டால்பின் பார்க்கக் கிளம்பினோம். ஆறு ஜோடியும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்றோம். பக்கத்திலேயே ஊழியர் படகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி, இந்தப் பக்கம் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு ரஃபீக். நடுவே அவருடைய பை பிரிந்து கிடந்தது.

மேஜை மேல் இருந்தவற்றைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெள்ளைப் பனியன்கள். லெக்கிங்ஸ். நைட்டி. ஒரு சின்னப் பொட்டலம் கொள்ளுப்பொடி. மஞ்சள் பூப் போட்ட குழந்தை உடுப்பு.

ரிசார்ட் மேனேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். எங்களைப் பார்த்ததும் சங்கடத்தோடு வந்தார். "சாரி, நீங்க போட்டுல ஏறுங்கோ. இது ஸ்டாஃப் பிரச்சனை. கெஸ்ட் பைசா கொடுத்தா நாங்க கேக்க மாட்டோம். சாதனம், அதான் பொருள், கொடுத்தா ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கணும், அதுதான் ரூல். இவ்வளவும் புதுசு, ஒத்தைச் சீட்டு இல்லை. யார் கொடுத்தான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"விசாரிக்காம அனுப்ப முடியாது. இந்தப் போட்டை விட்டா டாக்கா ஃபிளைட்டும் போச்சு. லீவு கேன்சல். திருட்டுன்னு ஆயிட்டா வேலையும் போகும்."

ரஃபீக் தலை குனிந்து நின்றார். யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அதட்டியிருந்தேன். மனுஷன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார்.

என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. கேட் பாஸ் இல்லாமல் ஒரு பீஸ் வெளியே போகக் கூடாது என்று எங்கள் கம்பெனி வாசலில் போர்டு எழுதி மாட்டியதே நான். போன தீபாவளி சமயம் ஒரு செக்கிங் பெண்ணின் டிபன் பையில் இரண்டு பீஸ் இருந்தது. சூப்பர்வைசர் கொடுத்தது என்று அழுதாள். அவர் லீவு. போன் போட்டு விசாரித்து முடிக்கும்வரை அவளை இப்படித்தான் மேஜை முன்னால் நிற்க வைத்தேன். அவள் சொன்னது நிஜம். சரி, போ என்றேனே தவிர, அவள் முகத்தை அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனையும் தெரிந்த நான், ஒரு துண்டுச் சீட்டு எழுத மறந்திருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் டால்பின் இப்போதே வந்துவிட்ட மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கொழந்தத் துணி நான் குடுத்ததுங்க" என்றேன், ஆறு குடிலுக்கும் கேட்கும்படி. "ரேட்ட மீறிட்டேன். யாரு என்ன சொன்னாலும் சரி."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு மேடம். எத்தனை செட்டு?"

"ரெண்டு."

செக்யூரிட்டி மஞ்சள் பூ உடுப்பை எடுத்துச் செட் செட்டாகப் பிரித்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மேனேஜர் முகம் மறுபடி இறுகியது. ரஃபீக்கின் உதடு வெளுத்துவிட்டது. போச்சு, காப்பாற்றப் போய் நானே கழுத்தை அறுத்துவிட்டேன். நான் கொடுத்தது இரண்டு, எங்கள் பெட்டியிலிருந்து ரஃபீக் திருடியது இரண்டு என்றல்லவா ஆகிவிட்டது! நாலு என்று மாற்றிச் சொல்லவும் இனி வழியில்லை. ஊழியர் படகு ஹாரன் அடித்தது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எங்கள் வீட்டுக்காரர். மிதவைச் சட்டையின் வாரைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"மத்த ரெண்டு நானுங்க."

சென்னியப்பண்ணன் சிரித்தார் பாருங்கள், படகுத்துறைப் பலகையே ஆடியது. "தலைவரே! ரேட்டு முடிச்சதே நீங்கதானுங்களே!"

"ரேட்டு காசுக்குத்தானுங்க பேசுனோம்" என்றார் இவர், தரையைப் பார்த்தபடி. "பீஸுக்குப் பேசலையே."

"அப்படீன்னா அந்த லெக்கிங்ஸ் என்றதுங்க" என்று அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

"பனியன் நம்மளுது" என்று கையைத் தூக்கினார் யூசுப் பாய். மும்தாஜக்கா அவர் முதுகில் ஓர் அடி போட்டார். அவர்கள் வீட்டிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நைட்டிக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கொள்ளுப்பொடி யாருடையது என்று கேட்கவே வேண்டாம். கடைசியில் பார்த்தால் தனியாகக் கொடுக்காத குடிலே இல்லை. ஒவ்வொருவரும் யாரிடமும் சொல்லாதே என்று ரஃபீக்கிடம் சொல்லியிருக்கிறார்கள். பாவம், அத்தனை பேர் ரகசியத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு வேலை போகிற இடத்தில் நின்றிருக்கிறார்!

மேனேஜரிடம் இருந்ததோ ஒரே பேனா. வரிசையில் நின்று சீட்டு எழுதினோம். என்ன பொருள் என்று கேட்ட கட்டத்தில் யூசுப் பாய் பனியன் நூலின் கவுண்ட் நம்பர் வரைக்கும் எழுத ஆரம்பித்தார். ஹாரன் விடாமல் அடித்தது. எழுதி முடித்ததும் அண்ணன் கத்தினார்: "பங்களாதேசுக்கே எக்ஸ்போர்ட் பண்ணிட்டமுங்க!" டால்பின் படகுக்காரர் எங்களை விட்டுவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தார். யாருக்கும் கவலையில்லை.

நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "திருட்டுத்தனமா நீங்களும் அதே துணியத்தான் எடுக்கோணுமா?"

"நீ எடுத்தது எனக்கெப்படித் தெரியும்?" என்றவர், மேஜையிலிருந்த நான் கொடுத்த சட்டையின் கழுத்தைத் திருப்பி அளவுச்சீட்டைப் பார்த்தார். "ஏம்புள்ள, ரெண்டு வயசு சைஸா வெச்ச?"

"போட்டோவுல பாத்தனுங்கல்ல."

"போட்டோ எடுத்து ரெண்டு வருசமாச்சுன்னு நீதான சொன்ன? கொழந்த அப்படியே நிக்குமா? நான் நாலு, அஞ்சு வயசுது வெச்சேன்."

இருபது வருடமாக வயது வாரியாகத் துணி வெட்டுகிறவள் நான்.

நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று ரஃபீக் இரண்டு சட்டையையும் பார்த்ததும் கண்டுகொண்டார். சின்னதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியதைத் தன் வயிற்றுக்கு நேராக விரித்துப் பார்த்தார். தினமும் மகளோடு போனில் பேசுகிறவர்தான். போனில் முகம்தானே தெரியும்.

"இவ்வளவு பெரியவளாகவா இருப்பாள்?" என்று இவரைத்தான் கேட்டார், இந்தியில்.

இவருக்கு இந்தி வராது. ஆனாலும் நான் வாய் திறப்பதற்குள் லேசாகக் குனிந்து, தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையைத் தட்டையாக நீட்டி, இவ்வளவு உயரம் என்று காட்டினார். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். அந்தக் கையையே பார்த்தபடி ரஃபீக் பின்னோக்கி நடந்து படகில் ஏறினார். படகு பவளத்திட்டைத் தாண்டித் திரும்பும்வரை இவர் நீட்டிய கையை எடுக்கவே இல்லை.